ஒரு பூனைக்குட்டியைக் கொடுக்க இத்தனை நிபந்தனையா? தத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

தெருவில் கிடைத்த குட்டி, விலையும் கிடையாது. ஆனாலும் ஆசையோடு கேட்பவரிடம் பால்கனியைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அடையாள அட்டை நகல் கேட்கிறார்கள். வீட்டு உரிமையாளர் சம்மதித்துவிட்டாரா, வீட்டில் அசைவம் உண்டா, உரிய வயதில் கருத்தடை செய்வதாகக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேள்விகள் நீள்கின்றன. கேட்டவருக்கு இது அவமதிப்பாகப் படுகிறது. கொடுப்பவருக்கோ ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துவிடுகிறது. "எங்க ரூல்ஸ் இதுதான்" என்று முடித்துவிடுகிறார். குட்டி யாருக்கும் போகாமல் வளர்ந்து நிற்கிறது.

அந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூனையின் உடலிலோ நடத்தையிலோ ஒரு காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதும் தெளிவாகிவிடும்.

## முதலில் சில சொற்கள்

மீட்பு என்றால் ஆபத்தில் இருக்கும் பூனையை அங்கிருந்து எடுப்பது. அதற்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை யாராவது தம் வீட்டில் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்வதை ஃபாஸ்டர் என்கிறார்கள். பொறுப்பு முழுவதும் புதிய குடும்பத்தின் கைக்கு மாறுவதுதான் தத்து.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். மனிதரோடு பழகிய பூனை வேறு, பழகாமலே வளர்ந்த காட்டுத்தனமான பூனை வேறு. பிறந்த 2 முதல் 7 வாரம் வரைதான் மனிதரை நம்பக் குட்டி கற்றுக்கொள்ளும் காலம். அந்த வாரங்களில் மனிதக் கை படாத பூனையை இரண்டு வயதில் பிடித்து வந்து வீட்டுக்குள் அடைத்தால், அது பீரோவுக்குப் பின்னால்தான் வாழும். அதற்குச் செய்யக்கூடிய நல்ல காரியம் பிடித்துக் கருத்தடை செய்து, மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியை நேராக வெட்டி அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுச் சாப்பாடு வைப்பது. எல்லாப் பூனையும் தத்துக்கு உரியதல்ல என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் ஃபாஸ்டர் வீடுகளில் பாதி இடம் காலியாகும்.

## எடுப்பதற்கு முன்: தாய் உண்மையிலேயே இல்லையா?

மாடிப்படிக்கு அடியில் நான்கு குட்டிகள் தனியே கத்துகின்றன என்றால், பெரும்பாலும் தாய் இரை தேடப் போயிருக்கும். அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இடம் மாற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து அள்ளிக்கொண்டு வந்தால், நன்றாக இருந்த குட்டிகளை நாமே அனாதையாக்கியவர்கள் ஆவோம்.

எளிதான சோதனை ஒன்று உண்டு. குட்டிகளைச் சுற்றி ஓரடி தள்ளி, கோலப்பொடியை மெல்லிய வட்டமாகத் தூவிவிட்டு விலகிவிட வேண்டும். கல் பொடியாக இருக்கட்டும். அரிசி மாவு என்றால் எறும்பு மொய்த்துக் குட்டிகளைக் கடித்துவிடும். நான்கைந்து மணி நேரம் கழித்து வட்டத்தில் பாத அடையாளம் இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. குட்டிகளின் வயிறு உருண்டையாக, உடம்பு வெதுவெதுப்பாக, சத்தமில்லாமல் தூங்கினால் அவை பசியில் இல்லை. தண்ணீர் ஏறும் இடம், கார் நிறுத்தும் இடம், நாய்க்கூட்டம் என்று உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

தாய் உண்மையில் இல்லையென்றால், முதல் விதி: குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது. உடல் சூடு இறங்கினால் குடல் வேலை செய்வதில்லை. உள்ளே போன பால் அப்படியே தேங்கிவிடும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வைத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற்றிய பிறகுதான் உணவு. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் வயிற்றுப்போக்கைக் கிளப்பும், 200 கிராம் குட்டி வயிற்றுப்போக்கில் ஒரே நாளில் வறண்டுபோகும். கடையில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால்பவுடர்தான் வேண்டும். குட்டியைக் குப்புற இருக்க வைத்தே புகட்ட வேண்டும். கைக்குழந்தைபோல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். மூன்று வாரம் வரை குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியைத் தடவிவிட வேண்டும்.

## வயதை எப்படிச் சொல்வது?

அடுத்து வரும் தடுப்பூசி, கருத்தடை, தத்து எல்லாமே வயதை வைத்துத்தான். தெருக்குட்டிக்குப் பிறந்த தேதி கிடையாது. ஆகவே எடையும் பல்லும்தான் சாட்சி.

பிறக்கும்போது குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். நாளுக்கு 10 முதல் 15 கிராம் வீதம் ஏறினால் ஒழுங்காக வளர்கிறது என்று பொருள். எட்டு வாரத்தில் 800, 900 கிராம் வரும். கண் திறப்பது 7 முதல் 14 நாளுக்குள். முன்பற்கள் 3 முதல் 4 வாரத்திலும், கோரைப்பல் நான்காவது வாரத்தையொட்டியும் முளைக்கும். நிரந்தர முன்பற்கள் எட்டிப் பார்ப்பது மூன்றரை, நான்கு மாதத்தில்.

பட்டினி கிடந்த தெருக்குட்டி வயதுக்கு எடை குறைந்திருக்கும். எடையும் பல்லும் வேறு வேறு வயது காட்டினால் பல்லைத்தான் நம்ப வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும். ஒரு நாள் முழுக்க எடை ஏறவில்லை என்றால் எச்சரிக்கை, இறங்கினால் அன்றே மருத்துவர்.

எட்டு வாரத்துக்கு முன் தத்துக் கொடுக்கக் கூடாது. பன்னிரண்டு வாரம்வரை தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்தால் இன்னும் நல்லது. "எவ்வளவு கடித்தால் வலிக்கும்" என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது உடன்பிறந்தவை திருப்பிக் கடிக்கும்போதுதான். ஐந்து வாரத்தில் பிரித்துத் தனியாக வளர்த்த குட்டி, வீட்டிலுள்ளவர்களின் கையையும் கணுக்காலையும் அந்தப் பாடத்துக்குப் பயன்படுத்தும். "குட்டிகளை ஜோடியாகத்தான் கொடுப்போம்" என்று சிலர் சொல்வது இதனால்தான். வீட்டில் ஏற்கெனவே விளையாட்டுப் பிரியமான இளம் பூனை இருந்தால் இந்த நிபந்தனையைத் தளர்த்தலாம்.

## பதினான்கு நாள் தனிமை ஏன்?

மீட்ட பூனையை மற்றப் பூனைகளோடு உடனே சேர்க்காமல் தனியறையில் 14 நாள் வைக்கச் சொல்வதுதான் அதிகம் மீறப்படும் விதி. அதிகக் குட்டிகள் சாவதும் இதை மீறுவதால்தான்.

காரணம் பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய். கிளினிக்கில் "கேட் பார்வோ" என்பார்கள். நாய்களைத் தாக்கும் பார்வோவின் நெருங்கிய உறவு, மனிதருக்குத் தொற்றாது. உடலில் வேகமாகப் பிரியும் செல்களைத் தேடி அழிப்பது இந்த வைரஸின் குணம். ஆகவே குடலின் உள் உறையும் எலும்பு மஜ்ஜையும் முதலில் போகும். குடல் போவதால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. மஜ்ஜை போவதால் வெள்ளை அணுக்கள் சரிந்து, சாதாரணக் கிருமியைக்கூட எதிர்க்க முடியாமல் போகிறது. முதலில் தெரியும் அறிகுறி சிறியது. குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும், ஆனால் குடிக்காது. சிகிச்சை இல்லையென்றால் பாதிக்கு மேல் இறந்துவிடும். நாய்ப் பார்வோவுக்கான மலப் பரிசோதனைக் கிட்டே இதற்கும் உதவும். அறிகுறி தெரிந்த அன்றே ஓடினால் ட்ரிப், ஆண்டிபயாடிக், வாந்தி மருந்து ஆகியவற்றால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

வைரஸ் உள்ளே போய் அறிகுறி வர 2 முதல் 10 நாள் ஆகலாம். துள்ளி விளையாடும் குட்டி ஐந்தாம் நாள் சுருண்டு விழுவது அதனால்தான். இந்த இடைவெளியைத் தாண்டத்தான் 14 நாள் கணக்கு. புது வீட்டில் தடுப்பூசி போடாத இன்னொரு பூனை இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

இன்னொரு கொடுமை, இந்த வைரஸ் அறைக்குள் ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். சோப்பும் டெட்டாலும் ஃபினாயிலும் இதைக் கொல்வதில்லை. சுத்தம் செய்யும் முறை இது:

1. மலம், வாந்தி, உணவுத் துணுக்கு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் முதலில் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய ப்ளீச் வேலை செய்யாது.
2. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள ப்ளீச்சை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து, தரை முழுக்க நனையும்படி ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரிக்க வேண்டும்.
3. பிறகு நல்ல தண்ணீரால் அலசி, முழுக்கக் காய்ந்தபின்தான் பூனையை உள்ளே விட வேண்டும்.
4. ப்ளீச்சோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.
5. மெத்தை, கயிற்றுத் தூண், மரப்பெட்டி ஆகியவற்றைச் சுத்தம் செய்ய முடியாது. தூக்கிப்போட வேண்டியதுதான். தனிமை அறையில் அட்டைப்பெட்டியும் பழைய துணியும் போதும் என்பது இதற்காகத்தான்.

ஃபினாயில் வைரஸைக் கொல்லாது என்பதோடு நிற்கவில்லை, அது பூனையைக் கொல்லும். ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். டெட்டாலும் அதே ரகம். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைச் சாகடிப்பதும் இதே குறைபாட்டால்தான். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதைப் பூனையின் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது, வலிப்பு வரும். தத்துக் கொடுக்கும்போது இந்த நான்கையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது, பத்துப் பக்க ஒப்பந்தத்தைவிடப் பயன் தரும்.

## மூன்று ஊசி எதற்கு? ஒன்று போட்டால் போதாதா?

பான்லூகோபீனியா, பூனைச் சளி தரும் ஹெர்பீஸ், கலிசி ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி. ட்ரைகேட் என்ற பிராண்டுப் பெயராலேயே பலரும் இதைச் சொல்கிறார்கள்.

தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கு வரும் எதிர்ப்புப் புரதங்கள் முதல் சில வாரம் அதைக் காக்கின்றன. அதே புரதங்கள் தடுப்பூசியில் இருக்கும் வைரஸையும் எதிரியாக நினைத்து அழித்துவிடும். இந்தத் தாய்க் காப்பு ஒரு குட்டியில் எட்டு வாரத்தில் கரையும், இன்னொன்றில் பதினாறு வாரம் தாண்டியும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்து எந்தக் குட்டியில் எப்போது கரைந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே 8, 12, 16 வாரம் என்று திரும்பத் திரும்பப் போடுகிறோம். மூன்று ஊசியும் சேர்ந்தால்தான் காப்பு என்பதல்ல. மூன்றில் ஏதோ ஒன்று சரியான நேரத்தில் விழ வேண்டும். கடைசி ஊசி 16 வாரம் அல்லது அதற்குப் பிறகு இருப்பதுதான் முக்கியம். "ரெண்டு ஊசி போட்டாச்சு" என்று 12 வாரத்தில் நிறுத்தப்பட்ட குட்டிகளுக்குத்தான் நோய் வருகிறது. ஆபத்து அதிகமுள்ள ஃபாஸ்டர் இடங்களில் 6 வாரத்திலேயே தொடங்கி, இடைவெளியைக் குறைத்துக்கொள்வார்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி தனி. 12 வாரம் முடிந்ததும் ஒன்று, ஓராண்டில் மீண்டும் ஒன்று, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். குடற்புழு மருந்தை 3 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடைக்கேற்பக் கொடுக்க வேண்டும். ஆசனவாயருகே அரிசிபோல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. வழக்கமான மருந்து போதாது, தெள்ளுப்பூச்சியையும் சேர்த்து ஒழிக்க வேண்டும். ஏனெனில் பூனை தெள்ளை விழுங்குவதால்தான் அந்தப் புழு வருகிறது.

மீட்கும்போது புதிய பூனை கடித்தால் அல்லது ரத்தம் வரக் கீறினால், "குட்டிதானே" என்று விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் தோலுக்குள் போடும் ஊசி இலவசமாகவே கிடைக்கிறது.

## ஜன்னல் வலை: விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனை

பூனை உயரத்திலிருந்து விழுந்தால் நான்கு காலில் நிற்கும், ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 1987இல் நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளை ஆராய்ந்த மருத்துவர்கள், அவற்றில் 90 சதவீதம் பிழைத்ததாகப் பதிவுசெய்தார்கள். இதை இன்றுவரை அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை. பிழைத்தவற்றிலும் தாடை பிளந்தது, மேலண்ணம் கிழிந்தது, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது, கால் முறிந்தது என்று காயங்கள் கொஞ்சமல்ல.

பால்கனிக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பூனை அறிவோடுதான் உட்கார்ந்திருக்கிறது. புறா ஒன்று எதிரே பறந்ததும் அந்த அறிவு போய்விடும்.

எந்த வலை என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நான்கு அங்குல இடைவெளியுள்ள இரும்புக் கிரில் குட்டிக்குத் திறந்த கதவுதான். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். காந்தப் பட்டையோடு ஒட்டும் கொசுவலையைப் பூனை ஒரே இரவில் நகத்தால் கிழித்துவிடும். புறா வருவதைத் தடுக்கக் கட்டும் நைலான் வலை ஓரளவு தாங்கும். ஆனால் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் இழை நொறுங்கும், பல் வைத்துக் கடிக்கும் பூனையிடம் அதற்கு முன்பே ஓட்டை விழும். நிலையாக இருப்பது எஃகு வலை. ஜன்னலுக்கு அலுமினிய ஃபிரேமில் இறுக்கிய எஃகுக் கொசுவலை. பால்கனிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறைந்த கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை), கீழ் விளிம்பும் இரு பக்கமும் சுவரோடு ஆணியடித்து. வாடகை வீட்டில் சுவரில் துளையிட விடமாட்டார்கள் என்றால், கிரிலிலேயே கேபிள் டை போட்டு ஓர் அடிக்கு ஒன்றாக இறுக்கலாம். கையால் வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்து, விரல்கள் நுழையும் இடைவெளி எங்கும் இல்லையென்றால் சரி.

படம் அனுப்பச் சொல்வது வீட்டை வேவு பார்க்க அல்ல. சமையலறை எக்ஸாஸ்ட் ஓட்டை, குளியலறையின் மேல் வென்டிலேட்டர், சலவைத் துணி காயவைக்கும் பின்பக்கக் கதவு ஆகிய மூன்றையும் வீட்டிலுள்ளவர்கள் ஜன்னல் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால்தான்.

## கருத்தடைக் கையெழுத்து

பூனை பகல் நீளத்தைப் பார்த்துப் பருவத்துக்கு வரும் விலங்கு. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் இனப்பெருக்கம் ஓய்ந்துவிடும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகல் பெரிதாகக் குறைவதில்லை; ஆகவே ஓய்வும் இல்லை. பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். சினைக் காலம் 63 முதல் 65 நாள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். "இன்னும் குட்டிதானே, ஆறு மாசம் போகட்டும்" என்று தள்ளிப்போட்ட பல வீடுகளில் ஆறாம் மாதத்தில் குட்டி பிறந்திருக்கிறது.

"ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை. உண்மை நேர் எதிர்: ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பெட்டைகளுக்கு மார்புக் கட்டி வரும் ஆபத்து 91 சதவீதம் குறைகிறது. பூனைகளில் அந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய்தான். கடுவனுக்கு, அதாவது ஆண் பூனைக்குச் செய்தால் சுவரெங்கும் சிறுநீர் பீச்சுவதும், இரவெல்லாம் சண்டையிட்டுக் காயத்தோடு வருவதும் வெகுவாகக் குறையும். அறுவை முடிந்தும் சில வாரம் அதன் விந்து உயிரோடிருக்கும். ஒரு மாதமாவது கருத்தடை ஆகாத பெட்டையிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

முடிந்தவரை ஃபாஸ்டரிலேயே கருத்தடை முடித்துக் கொடுப்பதுதான் சிறந்த வழி. கையெழுத்து வாங்கிய வீடுகளில் எத்தனை பேர் நாள் தவறாமல் செய்கிறார்கள் என்பது, தத்துக் கொடுப்பவர் எத்தனை முறை ஃபோன் செய்கிறார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

## அசைவம் சமைக்காத வீடு

சைவ வீட்டில் பூனை வளர்க்கலாம். பூனையைச் சைவமாக வளர்க்க முடியாது. டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு தயாரிப்பதில்லை; இயற்கையில் அது பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். டாரின் குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987இல் நிறுவப்பட்டது. விழித்திரையும் கெட்டுப் பார்வை போகும். தயிர்சாதத்தில் வளரும் பூனை ஆரம்பத்தில் நன்றாகத்தான் தெரியும். சேதம் மாதங்கள் கழித்துத் தெரியவரும். நாய் உணவும் இதற்கு ஈடாகாது.

டாரின் சேர்த்த பூனை உணவு பாக்கெட்டைத் திறந்து வைக்க வீட்டில் யாருக்கும் தடையில்லை என்றால் நிபந்தனை நிறைவேறியது. மீன் கொடுப்பவர்கள் மத்தி, நெத்திலியைப் பச்சையாகக் கொடுக்காமல் வேகவைத்து, முள் நீக்கிக் கொடுக்க வேண்டும்; பச்சை மீனில் இருக்கும் ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும்.

## ஒப்படைக்கும் நாளும் முதல் மாதமும்

1. கட்டைப்பையிலோ கையிலோ கொண்டுபோகக் கூடாது. ஆட்டோவில் பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தால் எவ்வளவு பழகிய பூனையும் கையைக் கிழித்துக்கொண்டு குதிக்கும். பூட்டும் கேரியர் வேண்டும், கதவை ஒரு கேபிள் டையால் கட்டிவிட்டால் இன்னும் நல்லது.
2. பூனை படுத்திருந்த துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்ப வேண்டும். பழகிய வாசனை ஒன்றாவது புது இடத்தில் இருக்கட்டும். பழைய வீட்டில் சாப்பிட்ட அதே உணவை முதல் வாரம் கொடுத்து, புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து 7 நாளில் மாற்ற வேண்டும். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு.
3. முதல் சில நாள் ஒரே அறை. கட்டிலுக்கு அடியில் போய் உட்காரும், விடுங்கள். இழுத்து வெளியே எடுத்து மடியில் வைப்பதுதான் பல தத்துகளைக் கெடுக்கிறது. அறையில் தரையில் உட்கார்ந்து, பூனையைப் பார்க்காமல், சத்தமாகப் புத்தகம் படித்தால் அது தானாக வரும்.
4. லிட்டர் ட்ரே (பூனை மலம், சிறுநீர் கழிக்கும் மணல் தட்டு) பூனையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், மணல் இரண்டு அங்குல ஆழம். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் எத்தனை ட்ரே என்ற கணக்கு வரும். சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ட்ரேயை வைத்தால் பெரும்பாலும் பயன்படுத்தாது. சின்னக் குட்டிகள் மணலைத் தின்று பார்க்கும், ஆகவே கட்டியாகும் மணல் மூன்று மாதம்வரை வேண்டாம்.
5. வீட்டில் வேறு பூனை இருந்தால் வாசனை, சத்தம், பார்வை, சேர்க்கை என்ற வரிசையில் போக வேண்டும். முதலில் இரண்டின் துணியையும் மாற்றிப் போடுவது. பிறகு மூடிய கதவின் இருபக்கமும் சாப்பாடு. இரண்டும் சீறாமல் சாப்பிட்டால், வலைத்தடுப்பு வழியே பார்க்க விடுவது. அதன் பிறகே ஒரே அறையில் பத்து நிமிடம். சீறுவது சண்டை அல்ல, "கிட்டே வராதே" என்ற பேச்சு. காதை மடக்கித் துரத்திப் போய் மூலையில் மடக்கினால்தான் ஒரு படி பின்வாங்க வேண்டும். இதற்கு மூன்று நாளும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

## "நோய்ப் பூனையைக் கொடுத்துவிட்டார்கள்"

தத்து போன ஒரு வாரத்தில் பூனை தும்மத் தொடங்கும், கண்ணில் நீர் வடியும். ஏமாற்றிவிட்டார்கள் என்ற சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. குட்டிப் பருவத்தில் ஹெர்பீஸ் தொற்றிய பூனையின் நரம்பில் அந்த வைரஸ் வாழ்நாள் முழுக்க உறங்கும். இடம் மாறும் மனஅழுத்தம் அதை எழுப்பும். எழுந்து வெளிப்பட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், பழைய வீட்டில் நன்றாக இருந்தது புது வீட்டில் நோயாளியாகத் தெரிகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். மூக்கடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. உணவை லேசாகச் சூடாக்கி வைப்பது பாதி வைத்தியம். கண்ணை மூடிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வாய்ப்பை ஒப்படைக்கும் அன்றே சொல்லிவிட்டால் உறவு கெடாது.

காத்திருக்கக் கூடாத நிலை இரண்டு. வளர்ந்த பூனை இரண்டு நாள் எதுவுமே சாப்பிடாமல் இருந்தால், குறிப்பாகக் குண்டாக இருந்தால், கொழுப்பு கல்லீரலில் படிந்து அது செயலிழக்கத் தொடங்கும். குட்டிக்கு அரை நாளே அதிகம். இன்னொன்று, கடுவன் லிட்டர் ட்ரேயில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சொட்டுகூட வராத நிலை. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். அது சிறுநீர்க் குழாய் அடைப்பு. ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும், ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## கர்ப்பம் வந்தால் பூனையை அனுப்பிவிட வேண்டுமா?

தத்து போன பூனைகள் திரும்பி வருவதற்குத் தமிழ்க் குடும்பங்களில் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. பயம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பற்றியது. முதன்முறை தொற்றும்போது ஓரிரு வாரம், அதிகம் போனால் மூன்று வாரம்தான் பூனையின் மலத்தில் இது வெளியேறும். அப்படி வெளியேறியதும் உடனே தொற்றாது. முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் வேண்டும். ஆகவே கர்ப்பிணியைத் தவிர வேறொருவர் ட்ரேயைத் தினமும் சுத்தம் செய்து, பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து, பச்சை இறைச்சி கொடுக்காமல் இருந்தால் ஆபத்து மிகச் சிறியது. சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் அதைவிடப் பெரிய வழி. மகப்பேறு மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேட்டால் முன்பே தொற்றி எதிர்ப்பு வந்துவிட்டதா என்பதும் தெரியும்.

"பூனை முடி வயிற்றுக்குள் போனால்" என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஒவ்வாமை உண்மை, ஆனால் அது முடியால் வருவதல்ல. எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் உள்ள ஒரு புரதத்தால் வருவது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், தத்தெடுக்கும் முன் ஃபாஸ்டர் வீட்டில் அந்தப் பூனையோடு இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது நல்ல சோதனை.

## காணாமல் போனால்

முதல் மாதத்தில் தப்பிய பூனை ஊரைத் தாண்டி ஓடுவதில்லை. பெரும்பாலானவை 500 மீட்டருக்குள், பல நேரம் இரண்டு மூன்று வீடு தள்ளியே, சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும். புது இடத்தில் பயந்த பூனை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் தராது. இரவு பதினொன்றுக்கு மேல், தெரு அடங்கியபின், டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து அடித்தால் அதன் கண்கள் பச்சையாக மின்னும். காருக்கு அடியில், மோட்டார் அறையில், படிக்கட்டுச் சந்தில், காலி சிலிண்டர்களுக்குப் பின்னால் தேட வேண்டும். கண்டதும் துரத்தக் கூடாது. உட்கார்ந்து மணக்கும் மீனை வைத்துக் காத்திருக்க வேண்டும். அது படுத்த துணியை வாசலில் போட்டு, கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் விடியற்காலையில் தானாக வருவதும் உண்டு.

## திருப்பிக் கொடுக்கும் விதி

வளர்க்க முடியாத நிலை யாருக்கும் வரலாம். வேலை மாற்றம், நோய், வீட்டு உரிமையாளரின் மனமாற்றம். அப்போது பூனையை மார்க்கெட்டிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இந்தத் தொகை யாரையும் தடுக்காது. ஆகவேதான் மீட்பாளர்கள் ஒப்பந்தத்தில் "எத்தனை வருடம் ஆனாலும் எங்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது" என்று தனி வரி சேர்க்கிறார்கள். அந்த வரி வேலை செய்ய வேண்டுமென்றால், திருப்பிக் கொடுப்பவரைத் திட்டாமல் வாங்கிக்கொள்ளும் பழக்கம் மீட்பாளரிடம் இருக்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்தவர்தான் ராத்திரியில் பூனையைத் தெருவில் விடுகிறார்.

திருப்பி வாங்கும்போது தடுப்பூசி அட்டை, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது, ட்ரேயைப் பயன்படுத்தியதா, யாரையாவது கடித்ததா, எந்த உறுப்பைத் தொட்டால் சீறுகிறது என்பதை எழுதி வாங்க வேண்டும். இந்த விவரம்தான் அடுத்த வீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்க உதவும். குழந்தைகள் ஓடிய வீட்டில் சோபாவுக்கு அடியிலேயே இருந்த பூனை, ஓய்வுபெற்ற தம்பதியின் வீட்டில் நாற்காலியை விட்டு இறங்காது. எத்தனை நாள் வெளியே இருந்திருந்தாலும், எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும், திரும்பி வந்த பூனைக்கும் தனியறையில் 14 நாள் கணக்கு முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.